ஓவரா பாசம் காட்டாதீங்க... குட்டி அகேவ் வளர்க்கும் சீக்ரெட்!

பச்சை இலைக்கு க்ரீம் கலர் பார்டர், நுனியில் கறுப்பு முள், தாமரை போல அடுக்கு. இன்ஸ்டா மொட்டைமாடித் தோட்டங்களில் தவறாமல் தலைகாட்டும் குள்ள அகேவ் இதுதான். 'க்ரீம் ஸ்பைக்' ரகம் செம ஃபேமஸ். ஆனால், ஆசையாக வாங்கியவர்களில் பலர், முதல் அடைமழையிலேயே அதை அழுகவிட்டுவிடுகிறார்கள். அகேவ் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை; தண்ணி அதிகமாகித்தான் சாகிறது.

ஏன் அப்படி?

ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரச் செடி இது. பூர்வீகம் மெக்ஸிகோ. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். இலைக்குள்ளேயே தண்ணீரையும் சேமித்து வைக்கும். அதனால் ஈரம் தேங்கினால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

மண்ணும் தண்ணியும்

அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டிதான் பெஸ்ட். செம்மண் 1 பங்கு என்றால் பருமணல், பொடி ஜல்லி அல்லது பெர்லைட் 2 பங்கு. தேங்காய் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது வேண்டாம். குச்சியை மண்ணுக்குள் செருகிப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். குருத்துக்குள் ஊற்றாதீங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். தரையில் நடுவதென்றால் கல்லும் மணலும் கலந்து மேடு கட்டி நடுங்கள்.

அந்த க்ரீம் பார்டர்...

அங்கே பச்சையம் கிடையாது. சாப்பாடு தயாரிப்பது நடுவில் இருக்கும் பச்சைப் பகுதிதான். அதனால்தான் இது ஸ்லோவாக வளர்கிறது. உரத்தைக் கொட்டி அவசரப்படுத்தாதீங்க. பார்டர் வெயிலில் சீக்கிரம் கருகும். காலை வெயில் ஓகே. சித்திரை மதியத்துக்கு நிழல் வலை அவசியம்.

பக்கக் கன்று வந்தால் கவனியுங்கள். முழுப் பச்சையாக வருவது வேகமாக வளர்ந்து தாய்ச்செடியை ஓரங்கட்டிவிடும், பிரித்து எடுத்துவிடுங்கள். முழு வெள்ளைக் கன்றைப் பிரித்தால் பிழைக்காது. பார்டர் உள்ள கன்றை வேரோடு எடுத்து, வெட்டிய இடம் சில நாள் காய்ந்த பிறகு நடுங்கள்.

உஷார்!

இது சோற்றுக்கற்றாழை இல்லை. சாற்றில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தோலில் பட்டால் அரிக்கும். முகத்தில் தடவவே கூடாது. முள் கண்ணில் குத்தலாம் என்பதால் குழந்தைகள், செல்லப் பிராணிகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடி இலை ஒன்றிரண்டு காய்ந்தால் பயப்பட வேண்டாம், அது வயசான இலை. குருத்து மெத்தென்று ஆனால்தான் ஆபத்து. உடனே தொட்டியிலிருந்து எடுத்து, அழுகிய பகுதியை வெட்டி, நிழலில் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். அடுத்த ஒரு வாரம் தண்ணி கேனைத் தொடவே தொடாதீங்க!