உயிர் எனும் அமானிதம்

பென்னலூர் நெடுஞ்சாலையில், இரவுப் பணி முடியும் வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. உறங்கியபடி வரும் தொழிலாளர் அனைவரின் உயிரும் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விண்ணில் பறக்கும் விமானிக்கோ இப்பொறுப்பு இன்னும் பெரிது.

மது அறிவை மறைக்கும்; ஆகவே மார்க்கம் அதனை விலக்கியது. உலகச் சட்டங்களும் விமானியின் மட்டில் அவ்வாறே கண்டிப்புக் காட்டுகின்றன. புறப்பாட்டுக்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானி மது அருந்தலாகாது என்பது இந்திய விதி. பறக்குமுன் மூச்சுப் பரிசோதனையும் உண்டு. விபத்து நேர்ந்தால் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன. இறந்த உடலில் நுண்ணுயிர்களாலும் மதுச்சத்து உண்டாகக்கூடும். அதனால் கண்ணின் உள்நீரையும் ஆய்ந்து உண்மை காண்பர். 1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஜப்பானியச் சரக்கு விமானம் வீழ்ந்து ஐவர் மாண்டபோது, தலைமை விமானி மிகுந்த போதையில் இருந்தது இத்தகைய சோதனைகளாலேயே வெளிப்பட்டது.

ஆனால் அறிவை மங்கச் செய்வது மது மட்டுந்தானா?

2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோட்டு ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்தபின் தரைதொட்டு, பள்ளத்தில் வீழ்ந்தது. இருந்த 190 பேரில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் இல்லங்கள் அன்றிரவு கலங்கின.

தரையிறங்கும் நெறிமுறைகளைக் கடைப்பிடிக்காமையே காரணமாகலாம் என்றது 2021இல் வெளியான விசாரணை அறிக்கை. அத்துடன், மருத்துவர் பரிந்துரைக்காத பல நீரிழிவு மருந்துகளைத் தலைமை விமானி உட்கொண்டிருந்ததையும், அதனால் சர்க்கரை சற்றே குறைந்து அவரது முடிவெடுக்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் அது சுட்டியது. சர்க்கரை குறைந்தால் மூளைக்கு எரிபொருள் குறையும். தடுமாறுவதைத் தடுமாறுபவரே அறியமாட்டார்.

மறைந்தவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. படிப்பினை பெறுவதே நோக்கம். அண்டை வீட்டார் சொன்ன மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி வாங்கிய மருந்து, உறக்கம் தரும் சளி மருந்து ஆகியவை நம் வீடுகளில் இல்லையா? வாகனம் ஓட்டுவோரும் இயந்திரம் இயக்குவோரும் தாம் உண்ணும் மருந்தனைத்தையும் மருத்துவரிடம் ஒளிக்காது கூறவேண்டும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் நோயை மறைக்கும் கணவருக்கு, மனைவியே துணிவூட்ட வேண்டும்.

விபத்துக்குப் பிந்திய சோதனை உண்மையைக் கூறும். போன உயிரைத் திருப்பித் தராது. முந்திய சோதனை நம் இல்லத்திலிருந்தே தொடங்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களைக் காத்தருள்வானாக!