திருத்தணியில் ஒரு ரேட், நகரியில் ஒரு ரேட்... ரெண்டு பக்கமும் 20% எத்தனால்! பெட்ரோல் கணக்கு என்ன?

திருத்தணியிலிருந்து திருப்பதி சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ஆந்திராவின் நகரி வந்துவிடும். ரோடு ஒன்றுதான், பெட்ரோல் கம்பெனிகளும் அதேதான். ஆனால் எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் லிட்டருக்கு கிட்டத்தட்ட 8 ரூபாய் கூடிவிடுகிறது. 2025-ல் சென்னை வட்டாரத்தில் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி விற்றபோது, ஆந்திராவில் 108 முதல் 110 ரூபாய் வரை இருந்தது. திருப்பதி போகிற வேன்காரர்கள் திருத்தணியிலேயே டேங்கை ஃபுல் பண்ணுவதற்கு இதுதான் காரணம்.

இந்த 8 ரூபாய் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ரெண்டு பக்க பங்க்கிலும் ஊற்றுகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இதனால் வரும் செலவு எந்த போர்டிலும் எழுதியிருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எல்லை தாண்டினால் விலை ஏன் மாறுது?

பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசு கலால் வரி போடும், அதற்கு மேல் மாநிலங்கள் வாட் வரி போடும். 2025 ஏப்ரலில் மத்திய கலால் வரி 2 ரூபாய் உயர்ந்து, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 21.90 ரூபாய் ஆனது. இது நாடு முழுக்க ஒன்றுதான். வித்தியாசம் வருவது மாநில வரியில்.

தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாய். ஆந்திராவில் 31 சதவீதம், கூடவே 4 ரூபாய், அதற்கு மேல் சாலை மேம்பாட்டு செஸ் 1 ரூபாய்.

ஒரு கணக்குக்காக, மாநில வரிக்கு முன்னால் லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வரி சுமார் 21.90 ரூபாய், மொத்தம் சுமார் 101.90. ஆந்திராவில் வரி சுமார் 29.80 ரூபாய், மொத்தம் சுமார் 109.80. அந்த 8 ரூபாய் இங்கிருந்துதான் வருகிறது.

திருத்தணியே ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அன்று போட்ட கோடுதான் இன்று பங்க்கிலும் விலையைப் பிரிக்கிறது.

தமிழ்நாட்டு வரிக்குப் பின்னாலும் அரசியல் உண்டு. 2021 தேர்தலில் பெட்ரோல் விலையை 5 ரூபாய் குறைப்போம் என்று திமுக வாக்குறுதி கொடுத்தது. அந்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் 3 ரூபாய் குறைக்கப்பட்டது. மீதி 2 ரூபாய் எங்கே என்று எதிர்க்கட்சிகள் கேட்டுக்கொண்டே இருந்தன.

பெட்ரோலில் எதையாவது கலப்பது புதுசா?

இல்லை, நூறு வருஷப் பழக்கம். 1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்தால் இன்ஜின் 'நாக்கிங்' நிற்கும் என்று கண்டுபிடித்தார். அந்த ஈயம் புகையாக வந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

ஈயத்துக்குப் பதிலாக அமெரிக்காவில் எம்டிபிஇ என்ற ரசாயனம் கலந்தார்கள். காற்று கொஞ்சம் சுத்தமானது. ஆனால் நிலத்தடி டேங்குகளிலிருந்து கசிந்து குடிதண்ணீரில் கலந்துவிட்டது. கலிபோர்னியா அதைத் தடை செய்துவிட்டு எத்தனால் பக்கம் போனது. ஒரு பிரச்சினையைத் தீர்க்கக் கலப்பது இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவரலாம் என்பதுதான் இந்த வரலாறு சொல்வது.

இ20 எப்படி வந்தது?

இந்தியாவில் 2003-ல் 5 சதவீத எத்தனாலோடு, சில மாநிலங்களில் மட்டும் தொடங்கியது. 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த இலக்கு 2030. அதை 2025-26-க்கு முன்னால் இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் 84 பங்க்குகளில் இ20 அறிமுகமானது. 2025-லேயே 20 சதவீதம் வந்துவிட்டதாக அரசு அறிவித்தது.

அரசு சொல்லும் காரணங்கள் மூன்று. ஒன்று, கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும். 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். இரண்டு, கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு வருமானம். மூன்று, கரும்பு எத்தனாலில் பசுமைக்குடில் வாயு பெட்ரோலைவிட 65 சதவீதம், மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதம் குறைவு.

அப்போ மைலேஜ் குறையுமா?

குறையும். எத்தனாலில் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி கம்மி. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதைச் சொல்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே மாதிரி பைக்குகளில் 3 முதல் 4 சதவீதமும் இழப்பு இருக்கும். இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதம்தான்.

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த பழைய பைக்கில் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, சுமார் 60 முதல் 85 ரூபாய் கூடுதல் செலவு. லிட்டருக்கு 15 கொடுத்த பழைய காரில் அதே தூரத்துக்கு 430 முதல் 500 ரூபாய் வரை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கெட் சீக்கிரம் கெட்டுப்போகலாம், தேவைப்பட்டால் சர்வீஸ் நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அரசின் பதில். எத்தனால் தண்ணீரை இழுக்கும் தன்மை கொண்டது. டேங்கில் தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், வண்டி திணறும்.

எத்தனால் கலந்தும் விலை ஏன் குறையலை?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலின் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் மைலேஜ் இழப்பு ஈடாகும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை.

அந்த அறிக்கை எழுதியபோது எத்தனால் மலிவு, இப்போது அப்படி இல்லை என்கிறது அமைச்சகம். மொலாசஸ் கழிவிலிருந்து எடுக்கும் எத்தனால் 2021-22-ல் 46.66 ரூபாய், 2024-25-ல் 57.97 ரூபாய். மக்காச்சோள எத்தனால் 71.86 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி சராசரி கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, 71.32 ரூபாய்.

விவசாயிக்கு நல்ல விலை போகட்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போடும் குடும்பங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஆனால் அந்தச் செலவில் ஒரு பங்கை பழைய பைக் வைத்திருப்பவர் தலையில் வைத்துவிட்டு, அதை அவரிடம் சொல்லாமல் இருப்பது சரியா என்பதுதான் கேள்வி.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது நிதி ஆயோக். ஏரியையும் போர்வெல்லையும் நம்பும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதன் அர்த்தம் புரியும்.

கோர்ட் என்ன சொன்னது?

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை, 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. எத்தனால் கொள்கையால் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் குடும்பத்துக்கு லாபம் என்று காங்கிரஸ் குற்றம்சாட்டியது. இது பணம் கொடுத்து தனக்கு எதிராக நடத்தும் பிரசாரம் என்று அவர் மறுத்தார்.

பிரேசிலில் 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதக் கலப்பு. ஆனால் அங்கே பெரும்பாலான கார்கள் எந்தக் கலப்பிலும் ஓடும் வகை. அமெரிக்காவில் எத்தனால் அளவு பம்பிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வண்டியின் கையேட்டிலோ பெட்ரோல் மூடியிலோ எந்த அளவு எத்தனால் ஏற்கும் என்று பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். பல நாள் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில், மூடி வழியாக மழைத்தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவில் சந்தேகமா? 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். தரத்தில் சந்தேகமா? ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். இரண்டும் வாடிக்கையாளரின் உரிமை.

ரேட் போர்டுக்குப் பக்கத்தில் எத்தனால் அளவையும், மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது. பழைய வண்டிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.