'மிதமான மனச்சோர்வு' என்கிறது கைப்பேசி: அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

புதுதில்லி: தேர்வு நெருங்கும் ஓர் இரவில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கைப்பேசியில் ஒன்பது கேள்விகளுக்கு விடையளிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடங்களில் '11: மிதமான மனச்சோர்வு' என்று திரை அறிவிக்கிறது. தமக்கு நோய் உறுதியாகிவிட்டதாக அவர் எண்ணுகிறார். அவருடைய தோழிக்கு 3 வந்திருக்கிறது. அவருக்கு ஒன்றுமில்லை என்று இருவரும் முடிவு செய்துவிடுகின்றனர். இந்த இரண்டு முடிவுகளுமே தவறாக இருக்கக்கூடும்.

இணையத்தில் பரவலாகக் காணப்படும் இந்த ஒன்பது கேள்விகள் 'பி.எச்.கியூ.-9' என்னும் வினாப்பட்டியலைச் சேர்ந்தவை. கர்ட் குரோங்கி, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் இதைப் பற்றிய ஆய்வை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கட்டணமும் அனுமதியும் தேவையில்லை என்பதால் செயலிகளும் இணையதளங்களும் இதைத் தாராளமாக எடுத்தாள்கின்றன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாட்கள் இருந்தது என்பதைப் பொறுத்து 0 முதல் 3 வரை மதிப்பெண் வழங்கப்படும்; அதிகபட்சம் 27. கூட்டுத்தொகை 10-ஐ எட்டினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது மருத்துவருக்கான குறிப்பு. விசாரணைக்கு முந்தைய இந்தக் குறிப்பைத்தான் கைப்பேசி தீர்ப்பாக வாசித்துக் காட்டுகிறது.

தீர்ப்புக்கும் குறிப்புக்கும் உள்ள இடைவெளியைச் சிறு கணக்கு ஒன்றால் அறியலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், 10 என்ற எல்லை, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைக் கண்டறிந்தது. இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. இனி, ஆயிரம் மாணவர்களில் 50 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகக் கணக்குக்காகக் கொள்வோம். அவர்களில் 44 பேரை இந்தப் பட்டியல் பிடித்துவிடும். 6 பேர் தப்பிவிடுவர். நோயில்லாத 950 பேரிலும் 12 சதவீதத்தினர், அதாவது 114 பேர், 10-ஐத் தாண்டிவிடுவர். ஆக, 10-க்கு மேல் பெற்ற 158 பேரில் 114 பேருக்கு அந்த நோய் இல்லை. மருத்துவரின் நேரடி விசாரணை இந்த 114 பேரைப் பிரித்தறியும். கைப்பேசியில் அதற்கு வழியில்லை.

ஏன் இத்தனை பேர் தவறாகச் சிக்குகின்றனர்? சோர்வு, தூக்கக் கோளாறு, பசியின்மை, கவனச் சிதறல் ஆகிய நான்கும் தனித்தனிக் கேள்விகள். தேர்வுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவரிடம் இந்த நான்கும் ஒருங்கே இருக்கக்கூடும். ரத்தசோகையும் சோர்வைத் தரும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. அப்படியானால், 'களைப்பாக இருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மனமா, உடலா என்பதை ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பிலும் ஓர் இடறல் உண்டு. ஒரு மதிப்பெண்ணுக்குரிய விடையைத் தமிழில் 'பல நாட்கள்' என்று எழுதினால், அது இரண்டு மதிப்பெண்ணுக்குரிய 'பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்' என்பதைவிடவும் அதிகமாக ஒலிக்கும். 'சில நாட்கள்' என்றால் குறைந்து ஒலிக்கும். இந்தச் செய்தியை எழுதும்போதே எந்தச் சொல்லை இடுவது என்று தயங்க நேர்ந்தது. பதினாறு வயதில் தனியே அமர்ந்து விடையளிப்பவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்பதை யாரும் கேட்பதில்லை.

ஒன்பது கேள்விகளின் கீழே, மதிப்பெண் இல்லாத இன்னொரு கேள்வியும் மூலப் படிவத்தில் உள்ளது. 'இந்தத் தொல்லைகளால் வேலையும் வீட்டுக் காரியங்களும் பிறருடன் பழகுவதும் எவ்வளவு கடினமாயின' என்பது அது. மருத்துவருக்கு மிகவும் பயன்படும் இக்கேள்வியை, கூட்டுத்தொகையில் சேராததாலோ என்னவோ, பல இணையப் பக்கங்கள் விட்டுவிடுகின்றன.

குறைந்த மதிப்பெண்

குறைந்த மதிப்பெண்ணின் ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. பதின்பருவத்தில் மனச்சோர்வு துயரமாக அல்லாமல் எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் வெளிப்படலாம். பெரியவர்களுக்கான படிவம் எரிச்சலைப் பற்றிக் கேட்பதில்லை; 11 முதல் 17 வயதினருக்கென மாற்றியமைத்த படிவம் கேட்கிறது. எந்தப் படிவத்தை நிரப்புகிறோம் என்பது பெரும்பாலும் திரையில் தெரிவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்பதாவது கேள்வி. இறந்துவிட்டால் நல்லது என்றோ, தம்மைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் எழுந்ததா என்று அது கேட்கிறது. ஒருவர் மற்ற எட்டுக்கும் 'இல்லை' என்று சொல்லி, இதற்கு மட்டும் 'சில நாட்கள்' என்று குறித்தால் கூட்டுத்தொகை 1 தான். 'பாதிப்பு இல்லை' என்று பச்சை நிறத்தில் முடிவு வரக்கூடும். ஆனால், இக்கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த எண்ணைப் பாராமல் அன்றே நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் பேச வேண்டும்.

விடைகள் எங்கே போகின்றன என்பதும் கவனத்துக்குரியது. பயனர்களின் மனநல விவரங்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்த புகாரில், 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு இந்தியாவில் இயற்றப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கும் சோதனைகளைத் தவிர்ப்பது நல்லது.

மதிப்பெண் எதுவாயினும், இரண்டு வாரங்களுக்கு மேல் படிப்பும் உறக்கமும் நட்பும் குலைந்திருந்தால் மருத்துவரை அணுகலாம். அப்போது கூட்டுத்தொகையைச் சொல்வதைவிட, எந்தக் கேள்விகளுக்கு அதிக மதிப்பெண் வந்தது, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும். மகனோ மகளோ திரையைக் காட்டும்போது 'இதெல்லாம் போனால் வரும் வினை' என்று கைப்பேசியைப் பறித்துவிடும் பெற்றோர், அந்த விடைகளைக் கேட்கும் வாய்ப்பை இழந்துவிடுகின்றனர்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி-மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.