கூடைக் கயிறும் வழுக்கையும்: முடிமாற்றுச் சத்திரசிகிச்சை முறைகள் – ஓர் ஒப்புநோக்கு

வழுக்கை என்றதும் நடுத்தர வயது ஆணின் நெற்றியே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றது. மரபும் ஓமோனும் விளைவிக்கும் அவ்வழுக்கையே முடிமாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய எழுத்துகளில் முதலிடம் பெறுகின்றது. ஆயின், தொழிலால் விளையக்கூடிய வழுக்கையும் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடை முதுகில் தொங்குகின்றது. அதனைத் தாங்கும் கயிறோ தலையிற் பதிகின்றது. மடித்துப் போட்ட துணி உறுத்தலைக் குறைக்குமேயன்றிப் பாரத்தைக் குறைக்காது.

முடி நெடுங்காலம் இழுக்கப்படுவதால் உண்டாவதை 'இழுவை வழுக்கை' எனலாம். கூந்தலை இறுக முடிந்த கிரீன்லாந்துப் பெண்களிடம் திரெபிற்ச் என்பார் 1907இல் இதனை விவரித்தார். தொடர்ந்த இழுவையால் மயிர்க்கால் முதலில் நலிகின்றது. அந்நிலையில் இழுவை நீங்கினால் முடி மீண்டும் வளரக்கூடும். பல்லாண்டு நீடிப்பின் மயிர்க்கால் அழிந்து தழும்பு உண்டாகும். சத்திரசிகிச்சை பற்றிய வினா இந்நிலையிலேயே எழுகின்றது. சுமைக் கயிற்றின் கீழ் இழுவையோடு அழுத்தமும் உராய்வும் சேர்கின்றன என்பது ஈண்டு கருதத்தக்கது.

ஜப்பானிய மருத்துவர் ஒகுடா, முடியற்ற இடங்களில் முடி தாங்கிய சிறு தோற்றுண்டுகளைப் பதிக்கும் முறையை 1939இல் வெளியிட்டார். பிடரியிலிருந்து பெயர்த்த முடி புதிய இடத்திலும் தன் பழைய இயல்பையே காக்கும் என்பதை நியூயோர்க்கைச் சேர்ந்த ஓரென்றைக் 1959இல் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலத் துண்டுகள் நடப்பட்டமையால் முடி பொம்மைத் தலையிற்போலக் கொத்துக் கொத்தாகத் தோன்றிற்று. முடி இயற்கையில் ஒன்று முதல் நான்கு வரையான இழைகள் கொண்ட தொகுதிகளாகவே முளைக்கின்றது என்பதை ஹெடிங்டன் 1984இல் விளக்கினார். இன்றைய இரு முறைகளும் அத்தொகுதிகளையே நடுகின்றன. அவற்றை எடுக்கும் விதத்திலேயே வேறுபடுகின்றன.

முதலாவது, பட்டை முறை. பிடரித் தோலில் ஒரு நீண்ட பட்டையை வெட்டியெடுத்து, காயத்தைத் தைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ்த் தொகுதிகளைப் பிரிப்பர். லிம்மர் இதனை 1994இல் வெளியிட்டார். தலையை முழுதும் மழிக்க வேண்டியதில்லை. எஞ்சும் கோட்டுத் தழும்பை நீண்ட கூந்தல் மறைக்கும். இரண்டாவது, தனித்தெடுப்பு முறை. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகருவியால் ஒவ்வொரு தொகுதியும் நேரடியாக எடுக்கப்படும். ரஸ்மனும் அவர்தம் குழுவினரும் 2002இல் இதனை வெளியிட்டனர். தையல் இல்லை, காயம் விரைவில் ஆறும். ஆயின் பிடரியைப் பெரும்பாலும் மழிக்க நேரும்.

நீள்கூந்தலுடைய பெண்ணுக்குப் பட்டை முறை ஏற்றதாகத் தோன்றலாம். ஆனால் தையல் பிரிக்க ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். அதன் பின்னும் சில வாரங்கள் பாரந்தூக்கல் ஆகாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் 'பேர்' விழாத நாட்கூலித் தொழிலாளிக்கு இவ்வோய்வு கூலியிழப்பாகும். தனித்தெடுப்பு முறை ஓய்வைச் சுருக்கினும் தடையை நீக்குவதில்லை. நட்ட முடி முதற் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களின் பின்னரே வளரத் தொடங்கும். முழுப்பயன் தெரிய ஓராண்டளவு செல்லும். தழும்புற்ற தோலிற் குருதியோட்டம் குறைவாதலின் நட்டவை யாவும் பிழைக்குமென்பதும் உறுதியன்று. அதற்கிடையில் அதே கயிறு அதே இடத்தில் ஏறுமாயின் நட்ட முடியும் பழைய முடியின் கதியையே அடையும். இழுவை ஓய்ந்த பின்னரே நடுதல் வேண்டுமென்பது இரு முறைகளுக்கும் பொதுவான விதியாகும்.

எனவே, எம்முறை சிறந்தது என்ற வினாவுக்கு முன்னர் கயிறு எங்கே இருக்க வேண்டும் என்ற வினா நிற்கின்றது. பாரத்தைத் தோளுக்கும் இடுப்புக்கும் பகிரும் பட்டிகளும், நிறுவைகளுக்கிடையே சுமை மிகாத ஒழுங்கும் சத்திரசிகிச்சையிலும் மலிவானவை. வகிடு அகல்வதையும் முன்னெற்றி முடி மெலிவதையும் தொடக்கத்திலேயே கண்டு சொல்லுதல் தோட்ட மருத்துவ அலுவலரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். பிடரியிலிருந்து எடுக்கத்தக்க முடி அளவுக்குட்பட்டது. தொழிலின் கருவியை மாற்றாது அதனைச் செலவிடுதல் மருத்துவ நோக்கிலும் நியாயமாகாது.