வர்த்தக நடைமுறை எளிமையாக்கமும் அளவீட்டுச் சிக்கலும்

எல்லையைக் கடக்கும் சரக்குக்குத் தடையாவன தீர்வைகள் மட்டுமல்ல. படிவங்கள், பரிசோதனைகள், காத்திருப்பு என்பனவும் தடைகளேயாம். இவற்றைக் குறைக்கும் நோக்குடன் 2013இல் பாலித் தீவில் இணக்கம் காணப்பட்ட உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017 பெப்ருவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. அது முற்றாக நிறைவேற்றப்படின் வர்த்தகச் செலவு சராசரியாக 14.3 வீதம் குறையும் என அந்நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது. அச்செலவு யாருடையது, அதனை அளப்பது எங்ஙனம் என்பனவே இங்கு நாம் எழுப்பும் வினாக்கள்.

இத்துறை ஆய்வாளர் பலரும் ஈர்ப்பு மாதிரியைக் கையாள்கின்றனர். 1962இல் யான் ரின்பேர்கன் பயன்படுத்திய இம்மாதிரி, இரு நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தை அவற்றின் பொருளாதாரப் பருமனுடனும் தூரத்துடனும் தொடர்புபடுத்துவது. இதனுடன் தாமதத்தையும் சேர்த்து நோக்கிய ஜான்கோவ், புறொயிண்ட், பாம் ஆகியோர், ஏற்றுமதிக்கு முன்னர் கூடும் ஒவ்வொரு நாளும் வர்த்தகத்தை ஒரு வீதத்துக்கு மேற் குறைக்கின்றது என 2010இல் எழுதினர். பயனுள்ள முடிபே. ஆயின் அந்நாட்கணக்கு உலக வங்கியின் 'வணிகம் புரிதல்' அளவீட்டிலிருந்து பெறப்பட்டது. அவ்வளவீடு மெய்யான சரக்கெதனையும் பின்தொடர்ந்ததன்று. கற்பிதமான ஒரு சரக்கைப் பற்றித் தரகர்களிடமும் கப்பல் முகவர்களிடமும் வினவிப் பெற்றது. பிற்காலத்தில், எந்நாடாயினும் இறக்குமதிக்கு 15 தொன் வாகன உதிரிப்பாகங்களே எடுகோளாயின! தரவு முறைகேடுகள் வெளிப்பட்டதையடுத்து 2021இல் உலக வங்கி அவ்வறிக்கையையே கைவிட்டது.

உலகச் சுங்க நிறுவனம் வகுத்த விடுவிப்பு நேர ஆய்வு இதனினும் உறுதியானது. சரக்கு வந்திறங்கியதிலிருந்து விடுவிக்கப்படும்வரை ஒவ்வொரு படியிலும் கழியும் நேரத்தை அது பதிவுசெய்கின்றது. தாமதம் சுங்கத்தினரால் நேர்ந்ததா, சுகாதார, தரக்கட்டுப்பாட்டுத் திணைக்களங்களால் நேர்ந்ததா, இறக்குமதியாளரே ஆவணங்களைப் பிந்திச் சமர்ப்பித்தாரா என்பது அதிற் புலனாகும். எனினும், பிரகடனப் படிவம் இன்றிக் கடப்போர் அதிலும் இடம்பெறார்.

கொங்கோ சனநாயகக் குடியரசும் ருவாண்டா, உகண்டா, புருண்டி என்பனவும் சந்திக்கும் பேரேரிப் பிரதேச எல்லைகளில் உலக வங்கியைச் சார்ந்த ஆய்வாளர் வேறொரு வழியை நாடினர். 2011இல் வெளியான அவர்களது ஆய்வு, சிறுவியாபாரிகளையே நேரிற் கண்டு வினவியது. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். உணவுப் பொருள்களைச் சிறு சுமைகளாக எடுத்துச் செல்வோர். எல்லையில் அவர்கள் கூறிய துன்பங்கள் இலஞ்சம், மிரட்டல், பாலியற் தொல்லை என்பன. அன்றாடம் எல்லையைக் கடந்து திரும்பும் அவர்களது இழப்பை, நாளை அலகாகக் கொண்ட எந்தச் சமன்பாடும் பதிவுசெய்யாது.