காதுக்குள் கரண்ட்... நடையில் பேலன்ஸ்!

இந்தப் பக்கத்தை முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் 'இல்லை, இல்லை' என்பது போல ஆட்டிக்கொண்டே படியுங்கள். (கழுத்துவலிக்காரர்களுக்கு இந்த வேலை வேண்டாம்!) படிக்க முடிகிறது, இல்லையா? இப்போது தலையை அசைக்காமல், அதே வேகத்தில் பத்திரிகையை ஆட்டிப் பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிப் போகும்.

ஏன் இந்த வித்தியாசம்? தலை ஒரு பக்கம் திரும்பினால், அதே நொடியில் கண்கள் எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பிக்கொள்கின்றன. அந்த உத்தரவு போடுவது யார் தெரியுமா? சாட்சாத் நம் காதுதான்! ஒவ்வொரு உள்காதிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கும். அதனால் உள்ளே உள்ள நுண்ணிய மயிரிழை செல்கள் வளையும். உடனே நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போய்விடும். பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய இரண்டு சின்னப் பைகள். மேலே எது, கீழே எது என்று சொல்வது அவற்றின் வேலை.

ஒரு பக்கக் காதில் இது பழுதானால், மூளை கொஞ்ச நாளில் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் போனால்தான் கஷ்டம். பலருக்குத் தலை சுற்றாது என்பதால் காதின் மேல் சந்தேகமே வராது. நடந்தால் எதிரே உள்ள கடை போர்டு குதிக்கும். இருட்டில் தள்ளாட்டம் கூடும். "கண்ணாடியை மாத்திப் பாருங்களேன்" என்பார் ஒருவர். "பட்டப்பகல்லயே தள்ளாடறாரே!" என்று அக்கம்பக்கம் வேறு மாதிரி பேசும். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள், மூளைக்காய்ச்சல் இவையெல்லாம் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் இப்படிப் பாதிக்கப்பட்ட அமெரிக்க டாக்டர் ஒருவர் 1952-ல் தன் அனுபவத்தை மருத்துவ இதழில் எழுதினார். படுத்துக்கொண்டு படிக்கும்போது, நாடி துடிக்கும் அசைவுக்கே அவருக்கு எழுத்துகள் குதித்தனவாம். கட்டில் கம்பிகளுக்கு இடையே தலையை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் படித்திருக்கிறார்!

சரி, இதில் கரண்ட் எங்கே வந்தது? காதில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் விபரீத ஆசை பழசுதான். பாட்டரியைக் கண்டுபிடித்த வோல்ட்டா, 1800-ல் தன் இரண்டு காதிலும் உலோகக் கம்பிகளை விட்டு இணைப்புக் கொடுத்துக்கொண்டார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. கெட்டியான எதுவோ கொதிப்பது போல ஒரு சத்தம். போதுமடா சாமி என்று அதோடு விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்தால் மனிதன் ஒரு பக்கமாகச் சாய்வதைக் கவனித்தார்கள். மின்சாரம் சமநிலை நரம்பைத் தொடுகிறது என்பது புரிந்தது.

இன்றைய முயற்சிகளில் ஒன்று, காதுக்குப் பின்னால் பட்டைகளை ஒட்டி, உடம்புக்கே தெரியாத அளவு மெல்லிய மின்சாரத்தை ஒழுங்கில்லாமல் ஏற்றி இறக்கி அனுப்புவது. 2014-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்படிச் செய்தபோது, இரண்டு காதும் பாதித்தவர்களில் பெரும்பாலோரின் தள்ளாட்டம் குறைந்தது. ஒழுங்கில்லாத மின்சாரம் எப்படி ஒழுங்கைத் தரும்? சல்லடையில் மாவைக் கொட்டிச் சும்மா வைத்தால் இறங்காது. லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் இறங்கும். அது மாதிரிதான்! பலவீனமான தகவல் இந்தச் சின்னத் தட்டலில் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால், சல்லடையில் கொஞ்சமாவது மாவு இருக்க வேண்டும். காதில் எதுவுமே மிச்சமில்லை என்றால் இது கைகொடுக்காது.

அவர்களுக்காக வந்ததுதான் இரண்டாவது வழி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், காது கேளாதோருக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியின் பாணியில் ஒன்றைச் செய்தார்கள். தலைக்கு வெளியே உள்ள பாகம், தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும். ஒரு காதின் மூன்று குழாய்களிலும் வைத்த மின்முனைகள் அந்த அளவுக்கு ஏற்ப நரம்பைத் தூண்டும். நரம்பு நன்றாக இருப்பது முக்கியம். 2021-ல் வெளியான ஆய்வில், பொருத்திக்கொண்ட 8 பேருக்கும் மொத்தத்தில் நிற்பதும் நடப்பதும் முன்னைவிடத் தேறியிருந்தன.

விலை இல்லாமலா? பொருத்திய காதில் கேட்கும் திறன் ஐந்து பேருக்குக் கொஞ்சம் குறைந்தது, மூன்று பேருக்குப் பெருமளவு போய்விட்டது. நடையா, செவியா என்று கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் தலை சுத்துது, கரண்ட் வெச்சுக்கலாமா?" என்று கிளம்பிவிடாதீர்கள்! படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் வரும் சுற்றல் பெரும்பாலும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. டாக்டர் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பியே அதைச் சரிசெய்துவிடுவார். வீட்டில் பாட்டரி, ஒயர் என்று சோதனை வேண்டவே வேண்டாம்.

இரண்டு காதும் பாதித்தவர்களுக்கு இப்போதைக்கு முதல் வைத்தியம், பிஸியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பார்வை, நடைப் பயிற்சிகள்தான். பாத்ரூம் போகும் வழியில் இரவெல்லாம் ஒரு சின்ன பல்பு எரியட்டும். புதிதாக ஊசி போடும் டாக்டரிடம் காது விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தவராக இருந்தாலும் குளத்தில், கிணற்றில் முங்க விடாதீர்கள். கலங்கிய தண்ணீருக்குள் கரை எந்தப் பக்கம் என்பது மட்டுமல்ல, மேலே எது, கீழே எது என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.