"உங்க முகாம்ல எங்க பிள்ளையையும் சேர்ப்பீங்களா?"

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு! தெருவுக்குத் தெரு கோடை முகாம் நோட்டீஸ். டிராயிங், கராத்தே, கைவேலை, பாட்டு... காலையில் கொண்டு போய் விட்டால் மத்தியானம் வரை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாக்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம்.

ஆனால் இந்தக் கொண்டாட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறதா? காலில் காலிப்பர் போட்ட பிள்ளை, காதில் மெஷின் மாட்டிய பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறும் பிள்ளை... இவர்களுக்கும் அதே இரண்டு மாத லீவுதான். பெரும்பாலும் டி.வி. முன்னால் கழிகிறது. பெரிய நகரங்களிலாவது இவர்களுக்கென்று தனிப் பயிற்சி மையங்கள் உண்டு. நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலோரம் இருக்கும் இராஜாக்கமங்கலம் போன்ற ஊரில்? "எக்கா, நம்ம பிள்ளைய அங்க கொண்டு விட்டா யாரு பாத்துக்கிடுவா?" என்பதுதான் தாயின் முதல் கேள்வி.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இருக்கிறது. பெரிய கட்டடமோ, லட்சக்கணக்கில் பணமோ தேவையில்லை. ஒரு மைதானம், நிழல், கொஞ்சம் இளைஞர்கள், கொஞ்சம் முன்யோசனை... இது போதும்!

வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது!

1962-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற பெண்மணி, தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு கோடைப் பகல் முகாம் நடத்தினார். ஜனாதிபதி ஜான் கென்னடியின் தங்கை அவர். இன்னொரு சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு. அப்படிப்பட்ட பிள்ளைகளை எந்த முகாமும் சேர்க்காததைப் பார்த்துத்தான் இவரே களத்தில் இறங்கினார். பிள்ளைகளுக்குத் துணையாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களை அழைத்தார். நீச்சல், குதிரை ஏற்றம், பந்து என்று எல்லாம் உண்டு. அந்த முயற்சி வளர்ந்து, 1968-ல் சிகாகோ நகரில் முதல் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்' போட்டியாக மலர்ந்தது.

அது தனி முகாம். அதே பெயரில் பாஸ்டன் நகரில் 2006-ல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கிய முகாமில், குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சரிபாதி. ஒரே டீம், ஒரே விளையாட்டு!

அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசி பக்கம் ஆய்க்குடியைப் பாருங்கள். முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒரு கிராமத்திலிருந்தே இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது!

தயவு அல்ல, உரிமை

"பாவம், ஒரு ஓரமா உக்காந்து பாக்கட்டும்" என்று சேர்த்துக்கொள்வது சேர்ப்பதே அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், படிப்போடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையிலும் விளையாடும் உரிமை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

முதல் நாளுக்கு முன்பே பேசுங்கள்

முகாம் நடத்துகிறவர்கள் பெற்றோரிடம் கேட்க வேண்டியது "பிள்ளைக்கு என்ன வியாதி?" என்பதல்ல. என்ன பிடிக்கும்? எதற்குப் பயப்படுவான்? பசி, பாத்ரூம் வந்தால் எப்படித் தெரிவிப்பான்? என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு? சாப்பிடும்போது புரையேறுமா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி, பிள்ளையைக் கவனிப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் உண்டு. இராஜாக்கமங்கலமும் ஓர் ஒன்றியம்தான். அங்குள்ள சிறப்பாசிரியர்களிடம் ஒரு நாள் பேசினாலே பாதி பயம் போய்விடும்.

விளையாட்டை மாற்றுங்கள், பிள்ளையை அல்ல!

வீல்சேரில் இருக்கும் பிள்ளைக்குப் பல்லாங்குழியை மேஜை மேல் வையுங்கள். பார்வை இல்லாத பிள்ளை இருந்தால் சத்தம் போடும் பந்து. கிலுகிலுக்கும் பந்தை வைத்துத்தான் பார்வையற்றோர் கிரிக்கெட் ஆடுகிறார்கள். 1998-ல் டெல்லியில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது! காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு சிவப்புக் கொடியும் அசையட்டும். ஓட முடியாத பிள்ளைக்குக் கிளித்தட்டில் கோட்டைக் காக்கும் வேலை கொடுத்து, கோட்டின் நீளத்தைக் குறைத்து விடலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 'அடுத்து என்ன?' என்று தெரியாவிட்டால் பதற்றம் வரும். பாய், பந்து, டிபன் பாக்ஸ், வீடு என்று வரிசையாகப் படம் வரைந்து ஒட்டுங்கள். மைக் சத்தம் தாங்காவிட்டால் போய் உட்கார ஓர் அமைதியான மூலையும் வேண்டும். அது தண்டனை மூலையாக இருக்கக் கூடாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம், சிரசாசனம் கூடாது. இதயக் கோளாறு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் வலிப்பும்

முதுகுத்தண்டு பாதித்த பிள்ளைகளுக்குச் சரியாக வியர்க்காது. வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் வியர்வையைக் குறைக்கும். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் 11 மணிக்கு மேல் நிழல் விளையாட்டுதான். தாகம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மணி பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

வலிப்பு வந்தால்? கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாயில் ஸ்பூனோ துணியோ திணிக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இடிபடும் பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு வருமுன் மறுபடி வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108-க்குப் போன். நன்றாகத் தெளியும்வரை தண்ணீர்கூட வேண்டாம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே!

அதுதான் ஆபத்தும். 2024 மே மாதம், பக்கத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துப் போனது நினைவிருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று பொங்கி வருவதால்தான் அதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். எனவே முகாம் பிள்ளைகளை, எந்தப் பிள்ளையாக இருந்தாலும், கடலில் இறக்கவே வேண்டாம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. கண் இமைக்கும் நேரத்தில் குளத்தையோ கடலையோ நோக்கி நடந்துவிடுவார்கள். கேட் பூட்டியிருக்க வேண்டும். அவர்களைக் கவனிக்க என்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். 'எல்லாரும் பாத்துக்கிடுவா' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்!

பாத்ரூமுக்கு அழைத்துப் போவது யார் என்பதையும் பெற்றோருடன் பேசி முன்பே முடிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண்தான் துணை. இன்னொரு பெரியவரும் அறிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் அவசியம். சந்தேகம் எழுந்தால் 1098-ஐ அழைக்கலாம்.

பெற்றோரே, உங்களுக்கு

முதல் நாளே அரை நாள் விட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள். நீங்கள் கூடவே உட்கார்ந்தால் பிள்ளை உங்கள் மடியை விட்டு இறங்காது. கொஞ்சம் தள்ளி, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருங்கள். முதல் இரண்டு நாள் அழுதால் 'இது நமக்குச் சரிப்படாது' என்று நிறுத்திவிடாதீர்கள். மற்றப் பிள்ளைகளும் எல்.கே.ஜி.யில் அழுதவர்கள்தானே!

குறைபாடு இல்லாத பிள்ளையின் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. "அவன் ஏன் இப்படி நடக்கான்?" என்று உங்கள் மகள் கேட்டால் "உஷ்" என்று வாயைப் பொத்தாதீர்கள். "அவன் கால் தசை இறுக்கமா இருக்கு. என்ன விளையாடலாம்னு நீயே போய்க் கேளு" என்று சொல்லுங்கள். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் "ஏசி இருக்கா? ஸ்நாக்ஸ் உண்டா?" என்று கேட்கிறோம் அல்லவா? இந்த வருஷம் இன்னொன்றும் கேளுங்கள்: "இங்க எல்லாப் பிள்ளைகளையும் சேர்ப்பீங்களா?" பத்துப் பெற்றோர் இப்படிக் கேட்டால் போதும், அடுத்த கோடை நோட்டீஸில் அதற்கான பதிலும் அச்சாகி வரும்!